ஷாம்பு தலையில் ஐந்து நிமிடம் இருக்கட்டும்

பொங்கலுக்கு ஊர் வந்து இறங்கும்போது தலை முழுக்கச் செதில். நியூ ஜெர்சி குளிரில் வருடா வருடம் இதே தொல்லைதான். அரிப்பு தூங்க விடாது, காதுக்குப் பின்னால் சிவந்து கிடக்கும், கருப்புச் சட்டை போட முடியாது. அங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பது 1 சதவீதக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்பு. 2 சதவீதத்துக்குச் சீட்டு வேண்டும். தோல் டாக்டரிடம் எனக்குக் கிடைத்த தேதியோ மார்ச் மாதத்தில்.

கும்பகோணத்தில் காலையில் போன் செய்து டோக்கன் போட்டேன், அன்று இரவே பார்த்துவிட்டேன். ஃபீஸ் 400 ரூபாய். ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே காத்திருந்தேன், உட்கார இடமில்லை. ஆனால் டாக்டரம்மா பார்த்த விதத்தில் அந்தக் கால்வலி மறந்துபோனது. தலையைப் பார்த்தார், புருவம், மூக்கோரம் பார்த்தார், அப்புறம் முழங்கை, முழங்கால், நகம். இதே போலச் செதில் உதிரும் சோரியாசிஸ் என்ற தோல் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அதெல்லாம். "இது செபோரிக் டெர்மடைட்டிஸ். மலசீசியான்னு ஒரு பூஞ்சை, எல்லார் தலையிலயும் இருக்கும். தலையில சுரக்கிற எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு. அது சாப்பிட்டு மிச்சம் விடுற கொழுப்பு அமிலம் உங்க தோலுக்கு ஒத்துக்கலை" என்றார்.

போன முறை வந்தபோது டாக்டரிடம் போகாமல் ஒரு மெடிக்கலில் கேட்டேன். லோஷன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அரிப்பு இரண்டே நாளில் நின்றது, விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு இருந்தது என்று டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். ஊருக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

"ஷாம்புவை எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார். நுரை வந்ததும் கழுவிவிடுவேன் என்றேன். இத்தனை வருடம் நான் செய்த பிழை அதுதான். 2 சதவீத ஷாம்புவை முடியில் தேய்ப்பதைவிட, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். அதன்பின் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டால் போதும். அடியோடு போகிற வியாதி இல்லை, அடக்கி வைத்திருக்கலாம் என்று நேராகவே சொன்னார். தேங்காய் எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

இதை அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தலை காய்ந்துதான் செதில் உதிர்கிறது என்பது அவர் நம்பிக்கை. சனிக்கிழமை வழக்கம்போல எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தார். பூஞ்சைக்குத் தீனி போடுகிற கதையை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, காலை நீட்டுடா" என்று அந்த எண்ணெயை என் பாதத்தில் தேய்த்துவிட்டார்.