முகப்பு சோனாரா, இழுவை சோனாரா: எந்தக் காதை எப்போது நம்புவது?

கடற்போர் சிமுலேஷன் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முகப்பு சோனாரிலேயே, அதாவது கப்பலின் முன்பகுதியில் பொருத்திய, நீருக்கடி ஒலியைக் கேட்கும் கருவியிலேயே தங்கிவிடுகிறார்கள். ஒரு சத்தத்துக்குத் திரையில் ஒரு கோடு, ஒரு திசை, குழப்பமே இல்லை. ஆனால் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் கையில்தான் சண்டை இருக்கும். முதலில் கேட்கும் காது, கப்பலுக்குப் பின்னால் கேபிளில் வருகிற இழுவை சோனார்தான்.

காரணம் எளிமையானது. தூரத்திலிருந்து வந்து சேர்வது தாழ்ந்த அதிர்வெண் ஒலி. 2005இல் வந்த டேஞ்சரஸ் வாட்டர்ஸ் விளையாட்டில், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் நாரோபேண்ட் திரையைத் திறந்தால், ரஷ்யக் கப்பல்களுக்கு 50 ஹெர்ட்ஸ் கோடும் அமெரிக்கக் கப்பல்களுக்கு 60 ஹெர்ட்ஸ் கோடும் தெரியும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடல்நீரில் சுமார் 30 மீட்டர். சில மீட்டர் அகலமே உள்ள முகப்பு சோனாரால் அதன் திசையைப் பிரித்தறிய முடியாது. நீண்ட வரிசையாக ஹைட்ரோஃபோன்கள் (நீருக்கடி மைக்குகள்) வேண்டும், இழுவை சோனாரின் கேபிளில் இருப்பவை அவைதான். அதோடு, சொந்த எஞ்சின் இரைச்சலிலிருந்து அவை விலகியும் இருக்கின்றன. முகப்பு சோனாருக்குக் கேட்காத வால்பக்கமும் இதற்குக் கேட்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு: ஒலி இடமிருந்து வருகிறதா வலமிருந்தா என்று இழுவை சோனாருக்குத் தெரியாது. நீங்கள் 000 டிகிரியில், அதாவது நேர் வடக்கே போகிறீர்கள், திரையில் 060, 300 என இரண்டு கோடுகள், ஒன்று உண்மை, மற்றது அதன் பிம்பம். 040க்குத் திரும்புங்கள். கேபிள் நேராகும்வரை காத்திருங்கள். வளைந்த கேபிள் காட்டும் திசை எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். இப்போது 060, 020 என்று வந்தால் எதிரி 060இல் இருக்கிறான். 300, 140 என்று வந்தால் அவன் இடப்பக்கம். இரண்டு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதுதான் உண்மையான கோடு. இந்தத் திருப்பம் வீணும் இல்லை, தூரத்தைக் கணக்கிட எப்படியும் வேறொரு திசையில் இரண்டாவது ஓட்டம் தேவைப்படும்.

வேகத்தில் முகப்பு சோனாரும் தடுமாறும், ஆனால் இழுவை சோனாருக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். ஃபிரிகேட் என்ற மேற்பரப்புப் போர்க்கப்பலை ஓட்டுபவர்களுக்கு மெதுவாகப் போவதில் கூடுதல் லாபம் உண்டு. வேகம் குறையக் குறையக் கேபிள் தாழ்ந்து வெப்ப அடுக்குக்கு (நீரின் வெப்பநிலை மாறி ஒலியை வளைத்துவிடும் எல்லைக்கு) கீழே போகும். அங்கே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கி, அடுக்குக்கு மேலேயே மாட்டிக்கொண்ட முகப்பு சோனாருக்குக் கேட்கவே கேட்காது. என்னைக் கேட்டால், ஃபிரிகேட்டில் இதற்காகவே இழுவை சோனாரைத் தேர்ந்தெடுப்பேன்.

சரி, முகப்பு சோனார் எதற்கு? கிட்டத்தில் நடக்கும் சண்டைக்கு. டார்பிடோ பாய்ந்து வரும்போது கேபிள் நேராகக் காத்திருக்க நேரமிருக்காது. கப்பலின் நேர் முன்னால் உள்ளதை இழுவை சோனார் சரியாகக் கேட்பதுமில்லை. ஆக்டிவ் பிங் (நாமே அனுப்பி எதிரொலி கேட்கும் ஒலி) அனுப்பித் தூரத்தை உறுதிசெய்வதும் முகப்பு சோனாரின் வேலை.

அமெரிக்க 688(I) வகை நீர்மூழ்கியில் இன்னொரு தேர்வும் இருக்கிறது: இரண்டு இழுவை சோனார்கள். டிபி-16 தடிமனானது, குட்டையானது. டிபி-23 மெல்லியது, நீளமானது. ஆழ்கடல் ரோந்துக்கு எனக்கு டிபி-23தான். ஆழமில்லாத கடலில் மெதுவாகப் போனால் எந்தக் கேபிளும் தரையில் உரசும். அங்கே முதலில் கீல் (கப்பலின் அடித்தளம்) அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பாருங்கள், போதாவிட்டால் தயங்காமல் சுருட்டிவிட்டு முகப்பு சோனாருக்கு வாருங்கள்.