ஆற்றோரம், தோட்ட முகப்பு, புதிய தாமான்: நம் இடைநிலைப்பள்ளிக்கு எந்த நிலம்?

எங்கள் ஊருக்கு ஓர் இடைநிலைப்பள்ளி வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த நிலத்தில் என்பதில்தான் ஊர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. கோயில் மண்டபத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் அதே பேச்சு. ஆற்றோரத்தில் சும்மா கிடக்கும் அரசாங்க நிலம் வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். தோட்டத்தின் முகப்பில், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்கள் இருந்து இப்போது செம்பனை நிற்கும் இடம்தான் சரி என்கிறார்கள் இன்னொரு சாரார். நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டி எழும்பும் புதிய வீடமைப்புப் பகுதியான தாமானில் பள்ளிக்கென்றே ஒதுக்கிய மனை இருக்கும்போது வேறு பேச்சு எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் தோட்ட முகப்பின் பக்கம். ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது நிறைவேறாவிட்டால் புதிய தாமானுக்கே கை தூக்குவேன்.

இடங்களைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கட்டுவது கல்வி அமைச்சு, நிலத்துக்கு வழி செய்ய வேண்டியது மாநில அரசாங்கமும் நில அலுவலகமும். கூட்டங்களில் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்கிறோம். கல்வி அதிகாரியைப் பார்த்து ஏன் நிலம் தரவில்லை என்று கேட்கிறோம். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிலப் பேச்சு தீராத வரையில் அமைச்சிடம் கட்டடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் ஆற்றோரம். அதற்குச் சாதகமான வாதம் வலுவானது. மாநில நிலம் என்பதால் விலை கிடையாது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 62ஆம் பிரிவின்படி பொதுத் தேவைக்கென அரசிதழில் ஒதுக்கிவிட்டால் பள்ளிக்கு நிலையான இடம் கிடைத்துவிடும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம், சீனர் புதுக்கிராமம், தோட்டம் மூன்றுக்கும் அது ஏறத்தாழ நடுவில் இருக்கிறது என்பதும் உண்மை. வரப்போவது எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளி. நம் வசதியை மட்டும் பார்த்து இடம் கேட்பது நியாயமாகாது. கம்பத்துப் பெரியவர்கள் இதைச் சொன்னபோது எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். அது தவறு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்த இடத்தைத் தள்ள வைப்பது மண். அது மட்கிய மரமும் வேரும் இலையும் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு மண். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் அதன்மேல் எதையும் கட்ட முடியும். வடித்தால் மண் காய்ந்து, சிதைந்து, ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே போகும். ஆழமாகத் தூண் இறக்கினால் கட்டடம் நிற்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள தரை இறங்கும். முதலில் வாசல்படி பிளக்கும், பிறகு சாக்கடையின் சரிவு மாறித் தண்ணீர் தேங்கும், கடைசியில் நிலத்தடிக் குழாய்கள் உடையும். இலவச நிலத்தில் மிச்சமாகும் பணத்தைத் தூண்களும் பழுதுபார்ப்பும் விழுங்கிவிடும். வறண்ட மாதங்களில் இந்த மண் தீப்பிடித்தால் மேலே அணைத்த பிறகும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் என்பதைச் சதுப்பு நிலத்தருகே வாழ்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளம் அதைவிடப் பெரிய கவலை. 2021 டிசம்பரில் சிலாங்கூர் மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். நம் நாட்டில் வெள்ளம் வந்தால் மக்களைத் தங்கவைக்கும் நிவாரண மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். ஊரிலேயே பெரிய மண்டபமும் நிறையக் கழிப்பறைகளும் உள்ள கட்டடத்தைத் தண்ணீர் ஏறும் முதல் இடத்தில் கட்டிவிட்டு, அந்த இரவில் ஊர்மக்களை எங்கே கூட்டிப்போவோம்? மேடாக்கிவிடலாம் என்கிறார்கள். மண் கொட்டி மேடாக்கினால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்துக் கம்பத்துக்குத்தான் போகும். கம்பத்தின் நியாயத்தை மதித்தே நான் ஆற்றோரத்தை மறுக்கிறேன்.

புதிய தாமானுக்கு வருவோம். காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது அதுதான். வீடமைப்புத் திட்டத்துக்கு நிலத்தைப் பிரித்தபோதே பள்ளிக்கான மனையை மேம்பாட்டாளர் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் வேலையும் முடிந்துவிட்டது. தார்ச்சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வாசலில் நிற்கின்றன. அமைச்சு நாளைக்கே தயார் என்றால் நாளைக்கே அளவுக் கல்லைத் தேடிப் போகலாம். பிள்ளைகளின் வயது நமக்காகக் காத்திருக்காது என்று தாமான் பக்கத்துப் பெற்றோர் சொல்வது சரிதான். இன்று நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளை மூன்றாவது ஆண்டில் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போய்விடும். தாமானின் பின்புறம் தொழிற்பேட்டை வரவிருக்கிறது என்பது மட்டும் உறுத்துகிறது. 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் சட்டவிரோதமாக ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. என்ன மாதிரியான தொழிற்சாலைகள் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் தூரம் இருக்கிறதே. காரில் போகிறவர்களுக்கு அது தூரமாகத் தெரியாது. தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனிலிருந்து செம்மண் சாலையில் வெளியே வந்து, லாரிகள் ஓடும் பெரிய சாலையில் ஏறி, சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க 16 வயது ஆக வேண்டும். முதலாம் படிவத்துக்குப் போகும் பிள்ளைக்கு வயது 13. உரிமம் இல்லாமல் ஓட்டும் பையன்களை நாம் தினமும் பார்க்கிறோம், பயந்துகொண்டே பார்க்கிறோம். மற்றவர்களுக்கு வேன்தான் வழி. வேன் கட்டணம் மாதாமாதம் வரும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால், வெட்டுக்கூலியில் வாழும் குடும்பம் யாரை நிறுத்துவது என்று யோசிக்கத் தொடங்கும். பெரும்பாலும் நிற்பது மூத்தவர்தான். தொடக்கக் கல்வியை நாடு 2003இல் கட்டாயமாக்கியது. அந்த ஆறு ஆண்டுக்குப் பிறகுதான் நம் பிள்ளைகள் நழுவத் தொடங்குகிறார்கள்.

கட்டணம் கூடப் பரவாயில்லை, ஊரே சேர்ந்து ஏதாவது செய்துவிடலாம். வேன் புறப்படும் நேரம் வேறு கதை. வேன்காரருக்கு அடுத்த நடை இருக்கிறது. பள்ளி மணி அடித்ததும் கிளம்பிவிடுவார். மணி அடித்த பிறகு நடக்கும் எதிலும் தோட்டத்துப் பிள்ளை இருக்காது. காற்பந்துப் பயிற்சி, சாரணர் இயக்கம், கூடுதல் வகுப்பு எல்லாம் போய்விடும். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். வேனில் ஏறும் பிள்ளை அந்தப் பத்தை ஐந்து ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அதன் அறிவுக்கும் உழைப்புக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

தமிழ் வகுப்பும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நம் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளுக்குச் சிதறும்போது, சில இடங்களில் அந்த 15 சேர்வதில்லை. சேர்ந்த இடங்களிலும் தமிழ் வகுப்பு பல நேரங்களில் பாட அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகு வைக்கப்படுகிறது. இலக்கியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்வமுள்ள ஆசிரியர் இருப்பார், புத்தகம் இருக்கும், வகுப்பறையும் இருக்கும். பிள்ளை வேனில் இருக்கும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் மாணவர்கள் குறைகிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறோம். ஆர்வமில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன்னால், பள்ளிவாசலிலிருந்து லயத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிடுவது நல்லது.

அதனால்தான் தோட்ட முகப்பு. அங்கிருந்து தமிழ்ப்பள்ளி நடக்கும் தூரம். இரண்டு டிவிஷன் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடலாம். புதுக்கிராமத்துக்கும் கம்பத்துக்கும் ஆற்றோரத்தைவிடச் சற்றுத் தள்ளி இருந்தாலும், ஒரே சாலையில், மேடான கெட்டி மண்ணில் இருக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளம் ஏறியதாக மூத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம்.

குறைகளை மறைக்க மாட்டேன். செம்பனைப் பழக் குலை ஏற்றிய லாரிகள் எண்ணெய் மில்லுக்குப் போகும் வழி அது; காற்று திரும்பினால் மில்லின் கழிவுக்குளத்து வாடையும் வரும். லாரிகளுக்கு வேறு பாதை போடாமல் பள்ளி வாசல் திறக்கக் கூடாது. பாராகுவாட் 2020 தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டிருந்தாலும் களைக்கொல்லி தெளிப்பு நின்றுவிடவில்லை. ஆகவே வேலியை ஒட்டிய சில வரிசை மரங்களில் பள்ளி நேரத்தில் தெளிப்பதில்லை என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். நிலத்தின் ஒரு மூலையில் உயர்மின் கம்பிகள் போகின்றன. அவற்றின் கீழ் எதுவும் கட்ட முடியாது. திடலின் அளவு அதற்கேற்பக் குறையும்.

அந்த நிலத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலைப் பற்றி அச்சம் இருக்கிறது. பள்ளி வந்தால் கோயிலை எடுக்கச் சொல்வார்கள் என்று ஒரு சிலர் கலங்குகிறார்கள். அந்தக் கலக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நிலத்தை அளக்கும் அன்றே கோயிலையும் அரசமரத்தையும் தனி மனையாகப் பிரித்து, கோயில் நிர்வாகத்தின் பெயரில் தரும்படி கேட்போம். பள்ளியைக் காட்டிக் கோயிலையோ, கோயிலைக் காட்டிப் பள்ளியையோ யாரும் தடுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

என் நிபந்தனை இதுதான்: நிலம் கம்பெனியின் பெயரிலிருந்து மாற வேண்டும். தோட்டப் பள்ளிகளின் வரலாறே இதைச் சொல்லும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் கம்பெனி நிலத்தில். அந்தக் கடன் இன்றும் தீரவில்லை. நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாததால் அரசாங்கத்தின் முழு உதவி கிடைக்காத பகுதி உதவிப் பள்ளியாகவே நின்று, கூரை மாற்றக்கூட நன்கொடை திரட்டும் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை! தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். அந்த உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை அதன்மேல் கட்ட முடியாது.

வாய்வார்த்தையையும் நம்ப வேண்டாம். நம் நிலச் சட்டத்தில் உரிமை என்பது பதிவேட்டில் இருப்பதுதான். இன்றைய மேலாளர் நல்லவராக இருக்கலாம். நாளை தோட்டம் கைமாறினால், வாங்கியவரைப் பழைய மேலாளரின் வாக்குறுதி கட்டுப்படுத்தாது. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்து நின்றார்கள். அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அந்த வேதனையிலிருந்துதான். பிறகு சட்டமும் வந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ துண்டாடவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அதிலும் பள்ளிக்கு என்று தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நம் தாத்தா பாட்டிகள் பத்து வெள்ளி கொடுத்துக் கற்றதை நாம் இலவசமாக மறந்துவிடக் கூடாது.

ஆகவே கம்பெனி அந்தத் துண்டை முறைப்படி மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாநிலம் அதைப் பள்ளிக்கென ஒதுக்கவோ, கூட்டரசு (மத்திய அரசாங்க) நில ஆணையரின் பெயரில் பதிவுசெய்யவோ வேண்டும். கம்பெனி மறுத்தால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுத்து எடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குப் பணமும் வழக்கு நடந்தால் ஆண்டுகளும் ஆகும். அவ்வளவு காலம் பிள்ளைகளைக் காக்கவைக்க எனக்கு மனமில்லை.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் கம்பெனியிடம் நாம் கேட்க வேண்டியது ஒரு கடிதம். அதில் மனை எண், பரப்பளவு, நில அலுவலகத்தில் ஒப்படைப்பு விண்ணப்பம் போடும் தேதி மூன்றும் இருக்க வேண்டும். இந்த ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பம் போடப்பட்டால் தோட்ட முகப்புக்கே நிற்போம். போடப்படாவிட்டால் புதிய தாமானை ஏற்றுக்கொண்டு, அங்கே இரண்டு விஷயங்களுக்கு மல்லுக்கட்டுவோம். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அனைவரையும் அந்த ஒரே பள்ளியோடு மாவட்டக் கல்வி அலுவலகம் இணைக்க வேண்டும். அப்போதுதான் 15 பேர் என்ற எண்ணிக்கை தானாகச் சேரும். மாலை வகுப்புகள் முடிந்த பிறகு தோட்டத்துக்குத் திரும்ப ஒரு பஸ் வேண்டும். அந்தப் பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.