ரூகர் 10/22, மார்லின் 60, சவேஜ் 64: தேயும் பாகத்தை வைத்து ஓர் அலசல்

அமெரிக்காவின் கொலம்பஸில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: "அண்ணே, ரேஞ்சுக்குப் போய்ப் பழக முதல் துப்பாக்கி வாங்கணும். பாயிண்ட் டூ டூலயே விலை குறைஞ்சதா எது நல்லது?" அவருக்குக் கிரீன் கார்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருந்தார். புது ரூகர் 10/22, புது சவேஜ் 64, அப்புறம் பக்கத்து ஊர்க் கடையில் பழையதாகக் கிடந்த ஒரு மார்லின் 60. 2019-இல் நானும் இதே மூன்றுக்கு நடுவில்தான் முடிவெடுக்க முடியாமல் நின்றேன். கடைசியில் ரூகரை வாங்கினேன். இந்த அலசல் அதன் பக்கம் சாயும். ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்த பிறகே துப்பாக்கி கைக்கு வரும். படிவத்தில் ஒரு பதிலைக்கூட ஊகித்து எழுதாதீர்கள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 ரைஃபிளைத் தொட்டிருப்பார்கள். படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் எஃகுத் துண்டு) கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவோம். தோட்டா கெட்டதாக இருந்தால் தவிர அது நின்றுபோய் நான் பார்த்ததில்லை. தம்பி கேட்ட மூன்றும் அப்படியல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் தானே காலிக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. பிரச்சினை தொடங்கும் இடமும் அதுதான்.

இவை சுடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவில் தீப்பொறி தரும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். எங்காவது அது சீராகப் பரவவில்லை என்றால், ஊசி அந்த இடத்தில் குத்தும்போது வெடிக்காது. ஈயக் குண்டின் மேல் மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பார்கள். அந்த மெழுகும் எரிந்த மருந்தின் கரியும் சேர்ந்து உள்ளே பசைபோல அப்பிக்கொள்ளும். இந்தத் துப்பாக்கிகளில் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்குமே வெடிப்பின் வேகத்தைத் தாங்குகின்றன. தோட்டா சிறியது, பின்தள்ளும் விசையும் சிறியது. அதனால் மேகசின் எனும் தோட்டாப் பெட்டியில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடு லேசாக வளைந்தாலோ, ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலோ, தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறையில் கொஞ்சம் கரி சேர்ந்தாலோ உடனே சிக்கிக்கொள்ளும். பெரிய தோட்டாவுக்கு இருக்கும் மிச்ச விசை இதற்குக் கிடையாது.

ஆகவே மலிவு .22 வாங்கும்போது நான் கேட்கும் ஒரே கேள்வி இது: தேயப் போகும் பாகம் எங்கே இருக்கிறது? அதை வீட்டு மேசையில் வைத்து நானே கழற்றி மாற்ற முடியுமா? விலை, எடை, தோற்றம் எல்லாம் இதற்குப் பிறகுதான். மூன்றுமே ஒரு பதின்வயதுப் பிள்ளை தூக்கிச் சுடும் எடையில்தான் இருக்கின்றன. 50 கஜத்தில் ஒரு டப்பாவை அடிக்க மூன்றுமே போதும்.

மார்லின் 60-ஐ எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960-இல் வந்தது, ஒரு கோடிக்கும் மேல் விற்றது. குண்டு வெளியேறும் பேரலுக்குக் கீழே நீளமான குழாய்தான் மேகசின். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாயை மேலே இழுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, திரும்பச் செருக வேண்டும். பேரலுக்குள் 16 மெல்லிய வரிகள் கொண்ட மைக்ரோ குரூவ் முறை. ரேஞ்சில் ஒரு பெரியவர் தன் மார்லினை என் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். அன்று அதில் விழுந்த குறி என் ரூகரின் குறியைவிட நெருக்கமாகவே இருந்தது. என்னிடம் இருப்பது ரூகர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த மார்லின் 60-களில் கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்தே நிற்கும். சாதாரண 10/22 அப்படி நிற்காது. புதிதாகப் பழகுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. தோட்டா தீர்ந்துவிட்டதா என்று தெரியாமல் காலி அறையில் டிரிகரை இழுத்துக்கொண்டிருப்போம்.

ஆனால் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள். குழாயிலிருந்து வரும் தோட்டா ஒரு தொண்டைக்குள் நுழைந்து, ஒரு தூக்கியின் மேல் ஏறி, அறைக்குப் போக வேண்டும். அடுத்த தோட்டா முந்திக்கொண்டு வராமல் தடுக்க இன்னொரு பாகம். இவற்றோடு மெல்லிய ஸ்பிரிங்குகளும் இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவே நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. போல்ட் பின்னால் வந்து மோதும் இடத்தில் நைலானில் ஒரு தாங்கி இருக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் அடியும் பட்டு அது உடையும். உடைந்தது தெரியாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் அடி நேராக உலோகத்தில் விழும். போல்ட்டின் ஸ்பிரிங்கும் நீளமானது, மெல்லியது. மாட்டும்போது ஒருமுறை மடங்கினால் போச்சு. சுருக்கமாகச் சொன்னால், தோட்டாவை ஊட்டும் வேலை முழுவதும் துப்பாக்கியின் வயிற்றுக்குள் நடக்கிறது. அது கெட்டால் துப்பாக்கியே நிற்கும்.

அதோடு கம்பெனியின் கதையும் சேர்ந்துகொண்டது. 2008-க்குள் மார்லின் ரெமிங்டன் குழுமத்தின் கைக்குப் போனது. கனெக்டிகட்டின் நார்த் ஹேவனில் இருந்த தொழிற்சாலை 2011-இல் மூடப்பட்டது. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை வாங்கியது ரூகரேதான். அப்புறம் அவர்கள் முதலில் திரும்பக் கொண்டுவந்தது லீவர் வகை (கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும்) ரைஃபிள்களை. மாடல் 60-இன் ஓட்டம் அதோடு நின்றது. ஒரு கோடித் துப்பாக்கி வெளியே இருப்பதால் தாங்கி, ஸ்பிரிங் போன்ற பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் பழைய பாகம், வேறு ஆண்டில் வந்த பாகம், யாரோ கழற்றி விற்கும் பாகம் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது 10/22. 1964-இல் வந்தது. இதன் உயிர் அந்தப் பத்துத் தோட்டாச் சுழல் மேகசினில் இருக்கிறது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பெட்டி. உள்ளே ஒரு சுழலி, ஒவ்வொரு தோட்டாவும் அதன் தனிப் பள்ளத்தில் உட்காரும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பில் மாட்டாது. .22-இல் தோட்டா சிக்குவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அப்படியே அடிபட்டுப் போகிறது. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடுகள் தகட்டை மடித்துச் செய்தவை அல்ல, கெட்டியான எஃகுத் துண்டு. மார்லினில் வயிற்றுக்குள் இருக்கும் தொண்டை இங்கே மேகசினோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் வேறு மேகசினைப் போட்டுச் சுட்டுப் பார்க்கலாம். குறை மேகசினிலா துப்பாக்கியிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மலிவுத் துப்பாக்கியில் இதைவிடப் பெரிய வசதியை நான் கண்டதில்லை.

என் கணக்கு நோட்டில் இதுவரை சுமார் 9,000 தோட்டாக்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரு குளிர்காலம் முழுவதும் மேகசினைத் திறக்காமலே சுட்டேன், அது என் சோம்பல். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டா பாதி ஏறி நிற்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து ஒரு திருகைக் கழற்றிப் பிரித்தேன். சுழலியைச் சுற்றிக் கறுப்பு மெழுகு அடையாய் அடைந்திருந்தது. துடைத்து, எண்ணெய் போடாமல் உலர வைத்து, ஸ்பிரிங்கின் முறுக்கத்தைப் பழையபடி வைத்து மூடினேன். அதன் பிறகு அந்தக் குறை வரவில்லை. முதல் முறை பிரிக்கும்போது மட்டும் பாகங்கள் இருக்கும் வரிசையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் விடுபட்டால் எத்தனை சுற்று இருந்தது என்று மறந்துவிடும்.

துப்பாக்கியைப் பிரிப்பதும் எளிது. மரக்கட்டையில் ஒரே திருகு. பேரல் வளையத்தைத் தளர்த்தி, பாதுகாப்புப் பொத்தானைப் பாதியில் நிறுத்தி, வெளியே தூக்க வேண்டும். இரண்டு குறுக்கு ஊசிகளைத் தள்ளினால் டிரிகர் பகுதி மொத்தமாகக் கைக்கு வரும். பின்னால் ஒரு தடித்த எஃகுக் குறுக்கு ஊசி, போல்ட் மோதும் இடம் அது. நைலான் இல்லை, உடைவதற்கு எதுவும் இல்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். பேரலைக்கூட இரண்டு திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. எக்ஸ்ட்ராக்டர் (காலிக்கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி), அதன் ஸ்பிரிங், தோட்டாவைக் குத்தும் ஊசி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கலாம். ரூகர் மட்டுமல்ல, வோல்க்வார்ட்சன், கிட் போன்ற சிறு நிறுவனங்களும் செய்கின்றன. ரூகரின் ஒரு பாகம்கூட இல்லாமல் முழு 10/22-ஐயே கட்டிவிடலாம் என்ற அளவுக்குச் சந்தை வளர்ந்திருக்கிறது. 6,000 தோட்டாவைத் தாண்டியபோது நான் எக்ஸ்ட்ராக்டரை முன்கூட்டியே மாற்றினேன். ஒரு சின்னத் திருப்புளி, பத்து நிமிடம்.

பிளாஸ்டிக் பற்றித் தம்பியும் கேட்டார். 2008 வாக்கில் டிரிகர் கூட்டை அலுமினியத்திலிருந்து பாலிமருக்கு மாற்றினார்கள். பேரல் வளையமும் இப்போது பெரும்பாலும் பாலிமர்தான். பழைய துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டுக்குள் அடி வாங்கும் சுத்தியலும் அதைப் பிடித்து நிற்கும் சியரும் எஃகுதான். பாகத்தின் தரத்தைப் பார்க்கும்போது அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் நல்ல எஃகு இருந்தால், சுற்றியிருக்கும் கூடு பாலிமராக இருப்பதை நான் குறையாக எடுக்க மாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. டிரிகர் இழுக்கக் கனம், ஆறு பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். என் மகளுக்கு ஆரம்பத்தில் அதனாலேயே குறி ஆடியது. ரூகரே விற்கும் பிஎக்ஸ் டிரிகரைப் பிறகு வாங்கி மாட்டினேன், இரண்டரை மூன்று பவுண்டில் வந்துவிட்டது. அந்தச் செலவையும் சேர்த்தால் 10/22 அவ்வளவு மலிவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, பின்பக்கம் மூடியிருப்பதால் பேரலை வாய்ப்பக்கத்திலிருந்துதான் துடைக்க வேண்டும். கம்பி உரசி வாயோரம் தேயாமல் இருக்க நான் கயிறு வகைத் துடைப்பானைத்தான் பயன்படுத்துகிறேன்.

சவேஜ் 64-ஐப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. நண்பர் ஒருவருடையதில் ஒரே பிற்பகலில் இருநூறு தோட்டா சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதை வைத்து ஆயுளைப் பற்றிச் சொல்லக் கூடாது. கனடாவின் லேக்ஃபீல்டில் செய்வது, விலையில் ரூகரைவிட நன்றாகக் குறைவு. மேகசின் தகட்டை மடித்துச் செய்த பெட்டி. கீழே விழுந்து உதடு வளைந்தால் தோட்டா ஏறும் கோணம் மாறும், அப்போது புது மேகசின்தான் வழி. வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு மேகசின் சேர்த்துக்கொண்டால் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். இருந்தும் பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு இது தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன்.

காகித இலக்கு மட்டும் போதும் என்றால் இதே சவேஜின் மார்க் 2 போல்ட் வகையைப் பாருங்கள். ஏற்றுவதும் எறிவதும் கையின் வேலை என்பதால், நான் மேலே புலம்பிய பாதிச் சிக்கல் அங்கே கிடையாது.

பழையதை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் குழாய் மேகசின் கொண்ட பழைய ரைஃபிளை எனக்குக் காட்டினார்கள். வெளியே பளபளப்பு. உள்குழாயை இழுத்தபோது பாதியில் நின்றது, யாரோ எப்போதோ நசுக்கியிருந்தார்கள். கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை. ஆகவே துப்பாக்கி காலிதானா என்று முதலில் உறுதி செய்துவிட்டு, உள்குழாயை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அறையின் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பல பழைய .22-களில் காலி அறையில் டிரிகரை இழுத்தால் ஊசி அந்த விளிம்பில் போய் அடிக்கும். 10/22-இல் ஊசியை முன்னாலேயே நிறுத்தும் தடை இருக்கிறது.

தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். வாயை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பில் குத்து ஆழமாக விழுந்திருந்தால் தோட்டாவின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். ஒருமுறை மலிவான மொத்தப் பெட்டி ஒன்றில் நூற்றுக்கு நாலைந்து இப்படி நின்றன. வேறு தோட்டா போட்டதும் அதே துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டது.

தம்பி போன வாரம் 10/22-ஐ வாங்கிவிட்டார். கூடவே ஒரு மேகசினும் வாங்கச் சொன்னேன். சனிக்கிழமை காலை ரேஞ்சுக்கு வருகிறார். சுட்டு முடித்ததும் எங்கள் வீட்டு மேசையில் ஒரு பழைய துண்டை விரித்து, இரண்டு மேகசினையும் அவரே பிரித்து மாட்டும்வரை உட்காரப் போகிறோம்.