நெட்டத் தூண் வீடா, அடுக்கு வீடா?

ஜெர்மனியோட மரச்சட்ட வீடுகள்ல (மரத்தாலே எலும்புக்கூடு மாதிரி சட்டம் கட்டி, இடைவெளியைச் சுவரா நிரப்பின வீடுங்க) எது பெஸ்ட்னு கேட்டா எனக்கு ரெண்டு ஞாபகம் வரும். ஒண்ணு க்வெட்லின்புர்க் ஊர்ல வோர்ட்காஸ தெருவுல இருக்கிற சின்ன வீடு, மரத்தோட வயசைக் காட்டுற வளையங்களை ஆராய்ஞ்சு 1346-47ல கட்டினதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, இதுல தூண் ஒவ்வொண்ணும் அடியில இருந்து கூரை வரைக்கும் ஒரே மரம், நடுவுல ஒட்டே கிடையாது! ஆனா அவ்ளோ நீள மரம் கிடைக்கணுமே, அதான் சிக்கல்.

இன்னொண்ணு ஹில்டெஸ்ஹைம்ல கசாப்புக்காரங்க சங்கம் 1529ல கட்டின மாளிகை. இங்க ஒவ்வொரு மாடியும் தனித்தனி பெட்டி மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மேல போகப் போக தெருப்பக்கம் நீட்டிக்கிட்டே போகும், அதனால குட்டை மரமே போதும், மேல் ரூம்ல இடமும் கூடும், கீழ்ச் சுவர்ல மழையும் அவ்ளோவா படாது. டெக்னிக்கா பாத்தா இதுதான் முன்னேற்றம்.

ஆனா இது 1945 மார்ச் 22 குண்டுவீச்சுல முழுசா எரிஞ்சு போச்சு, இப்ப நிக்கிறது 1987-89ல ஓக் மரத்துல மர ஆணி அடிச்சு பழைய முறைப்படியே திரும்பக் கட்டினது. தச்சுவேலை புரியணும்னா ஹில்டெஸ்ஹைம் போங்க. எனக்கு க்வெட்லின்புர்க் தான், 1965 வரைக்கும் அதுல ஆளுங்க குடியிருந்திருக்காங்க, அந்த மரத்தைத் தொட்டுப் பாக்கணும்.