ஏற்காட்டில் ஆள் உயரப் பூச்செடி: பெயர் சொன்ன ஐநேச்சுரலிஸ்ட் செயலி

சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் புல்வெளி ஓரமாக என்னைவிட உயரமாய் ஒரு செடி, உச்சியில் முழ நீளத்துக்கு வெள்ளைப் பூங்கொத்து. கூட வந்த அக்கா புகையிலை என்றார், இலையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, போனில் ஏற்கெனவே இருந்த வேறொரு செயலியும் அதையே சொன்னது. ஆனால் பூ ஒத்துவரவில்லை. புகையிலைப் பூ நீண்ட குழலாக வந்து நுனியில் ஐந்து முனையாக விரியும். இதிலோ குழலின் முதுகு பிளேடால் கீறியது போலப் பிளந்திருக்கிறது, இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து தொங்குகின்றன, மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னக் குழாயாக நிற்கின்றன.

சரி என்று ஐநேச்சுரலிஸ்டில் பூ, இலை, தண்டு, முழுச்செடி என 4 படம் ஏற்றினேன். லொபீலியா நிக்கோஷியானிஃபோலியா என்று வந்தது, நம் பக்கம் காட்டுப்புகையிலை. மறுநாளே அதே செயலியைப் பயன்படுத்தும் வேறு இரண்டு பேர் படங்களைப் பார்த்து உறுதி செய்தார்கள். இப்படி மனிதர்கள் சரிபார்ப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இலவசம், விளம்பரமும் கிடையாது. மலையில் சிக்னல் இல்லாவிட்டால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு சேலம் இறங்கியதும் ஏற்றலாம். தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் போதாது, பூவைப் பக்கவாட்டில் நெருங்கி எடுங்கள்.

அப்புறம், படத்துக்காகத் தண்டை ஒடித்துவிடாதீர்கள். பால் வடியும், அது நஞ்சு, கண்ணில் படவே கூடாது.