ஏரியில் தூண்டில் போட ஃபுளோட் டியூபா, காற்றுப் படகா?

விரால் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கரை போதாமல் போகிறது. ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் இடையே, வீசுகிற தூண்டில் நரம்பு எட்டாத சிறு இடைவெளிகளில்தான் பெரிய விரால் மூச்செடுக்க மேலே வந்து போகும். கரையிலிருந்து சிரமப்பட்டு அங்கே தவளை இரையைப் போட்டாலும், அது கொடியில் மாட்டி, விடுவிக்க இழுக்கும் இழுப்பிலேயே மீன் கலைந்துவிடும். இந்தக் குறைக்கு மருந்தாக இணையக் கடைகள் இரண்டு பொருள்களைக் காட்டுகின்றன. ஒன்று, இருக்கையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டு, நீச்சல்காரர்கள் மாட்டும் ஃபின்களால் உதைத்து நகரும் ஃபுளோட் டியூப். மற்றொன்று, காற்றடைத்துத் துடுப்புப் போடும் சிறிய பிவிசி படகு. இரண்டையும் நம் ஏரிகளில் இறக்கிப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆளாக, சிறிய ஏரியில், விராலுக்கு என்றால் துணி உறை போட்ட, முன்பக்கம் திறந்த ஃபுளோட் டியூபை வாங்கலாம். இரண்டு பேர் என்றால் படகுதான், ஆனால் மலிவு விலைப் படகு வேண்டாம். பெரிய அணைகளுக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபுளோட் டியூப் நமக்குப் புதிய பொருள் அன்று. லாரி டியூபில் காற்றடித்து, நடுவே கயிற்றைப் பின்னி உட்கார்ந்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வலை கட்டுகிற மீனவர்களை நம் ஏரிகளில் இன்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் இந்தப் பொருள் பிறந்ததும் அதே லாரி டியூபுக்குக் கேன்வாஸ் இருக்கை தைத்தபோதுதான். லாரி டியூபுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது ஒரே காற்றறை கொண்டது, காற்று போனால் மொத்தமும் போயிற்று. வட்டமாக இருப்பதால், கவிழ்ந்தாலோ கால் எதிலாவது மாட்டினாலோ இடுப்பை விட்டு அதைக் கழற்றி எறிவதும் எளிதன்று. இதனால்தான் முழு வட்ட வடிவில் விற்கப்படும் பழைய மாதிரி ஃபுளோட் டியூப்களை, விலை குறைவாக இருந்தாலும், நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. குதிரை லாட வடிவிலோ, இரண்டு மிதவைகள் முன்னால் கூம்பிய வடிவிலோ இருப்பவற்றில் முன்பக்கம் திறந்திருக்கும். இடுப்புக்கு எதிரே குறுக்கே போகும் பட்டையின் பக்கிளை ஒரு கையால் தட்டினால் கழன்றுவிட வேண்டும். கடையில் பார்க்கும்போது அந்தப் பக்கிளைத்தான் முதலில் கழற்றி மாட்டிப் பாருங்கள். அவுட்காஸ்ட் நிறுவனத்தின் ஃபிஷ் கேட் வரிசை இந்தத் திறந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

நல்ல ஃபுளோட் டியூபில் காற்றறை வெளியே தெரியாது. கெட்டியான நைலான் அல்லது பாலியெஸ்டர் உறை, அதற்குள் ஜிப்பைத் திறந்து நுழைக்கும் தனிக் காற்றறை என்பதே அமைப்பு. டயரும் டியூபும் போலத்தான். இழுவிசையையும் உரசலையும் உறை வாங்கிக்கொள்ள, உள்ளே இருப்பது காற்றைப் பிடித்து வைத்தால் மட்டும் போதும். ஏரிக்கரையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. வெயில் காலத்தில் வற்றிய ஏரிக்குள் சீமைக் கருவேலம் முளைத்து, மழை வந்ததும் அந்தச் செடிகள் அப்படியே முழங்கால் ஆழத்தில் மூழ்கி நிற்கும். தண்ணீரில் இறங்கும் முதல் பத்தடியிலேயே அந்த முள்ளைத் தாண்ட வேண்டியிருக்கும். உறையில்லாத பிவிசிக்கு அது ஒரே குத்து. உறை இருந்தாலும் நேராகக் குத்தும் முள் உள்ளே போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் சாய்வாகப் படும் பெரும்பாலான முட்கள் துணியில் கீறலோடு நின்றுவிடுகின்றன. அப்படியே ஓட்டை விழுந்தாலும் காற்றறையை மட்டும் உருவி ஒட்டலாம், முடியாவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். காற்றறைகளில் வினைல், யூரித்தேன் என்று இரு வகை கிடைக்கும். யூரித்தேன் எடை குறைவு, குத்துக்கும் சற்றுத் தாங்கும், விலைதான் கூடுதல்.

முதுகுச் சாய்வுக்குள் தனியாக ஒரு காற்றறை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது வசதிக்கு மட்டும் இருப்பதன்று. முக்கியக் காற்றறை போய்விட்டால் கரை சேரும்வரை உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது அதுதான்.

ஃபுளோட் டியூபின் உண்மையான பலம், இரண்டு கைகளும் ஓய்வாக இருப்பது. படகில் துடுப்பை வைத்துவிட்டுத் தூண்டிலை எடுப்பதற்குள் காற்று படகின் முகத்தைத் திருப்பிவிடும். திரும்பத் துடுப்பை எடுத்து நேராக்கினால், இரை விழ வேண்டிய இடத்தைத் தாண்டியிருப்போம். ஃபுளோட் டியூபில் காலின் ஒரு சிறு உதையிலேயே இருந்த இடத்தில் நிற்கலாம், திரும்பலாம், அல்லிக் கொடியின் ஓரத்தை ஒட்டிச் சத்தமில்லாமல் நகரலாம். உட்காரும் உயரமும் தாழ்வாக இருப்பதால் மீன் அவ்வளவாக மிரளுவதில்லை. முகம் ஒரு திசையிலும் பயணம் எதிர்த் திசையிலும் இருக்கும் என்பது மட்டும் பழக வேண்டிய விஷயம். பின்புறமாகத்தான் நகர முடியும். தண்ணீரில் இறங்கும்போதும் ஃபின்களோடு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவீர்கள், பின்னோக்கித்தான் நடந்து இறங்க வேண்டும்.

பலவீனம், காற்று. கால் உதையால் போகும் வேகம் நிதானமாக நடக்கும் வேகத்தைக் கூட எட்டாது. எதிர்க்காற்று எழுந்தால் உதைக்க உதைக்க இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் ஆனி முதல் ஆவணி வரை இதை எடுத்துக்கொண்டு எந்தத் திறந்த நீர்ப்பரப்பிலும் இறங்க வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் காற்றடைத்த வளையம் எந்த மூலைக்கு? மற்ற இடங்களிலும் விடியற்காலையில் இறங்கி, காற்று எழுவதற்குள் கரையேறுவதே முறை. போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

இனி படகுக்கு வருவோம். இங்கே வாங்குபவர் முதலில் பார்ப்பது எத்தனை பேர் என்ற எண்ணை, பார்க்க வேண்டியதோ எத்தனை கிலோ என்ற எண்ணை. இன்டெக்ஸ் எக்ஸ்புளோரர் 200 இருவர் படகு என்றே விற்கப்படுகிறது. நீளம் 185 சென்டிமீட்டர், அகலம் 94, தாங்கும் எடை 95 கிலோ. எழுபது கிலோ ஆள் ஒருவர், தூண்டில் பெட்டி, தண்ணீர் பாட்டில், பிடித்த மீன் என்று கூட்டினால் இரண்டாவது ஆளுக்கு அதில் மிச்சமிருப்பது ஒரு சிறு பிள்ளையின் எடை. மீன் பிடிக்க அது ஒருவர் படகு, அதுவும் காலை நீட்ட இடமில்லாத ஒருவர் படகு. அதே நிறுவனத்தின் சீஹாக் 2, 236 சென்டிமீட்டர் நீளமும் 114 அகலமும் கொண்டது, 200 கிலோ தாங்கும். தூண்டில் கம்பு செருகும் இடங்களும், வாங்கிப் பொருத்தும் சிறிய மின் மோட்டாருக்கான பிடிப்பும் அதில் உண்டு. இருவர் மீன் பிடிக்க அதுவே குறைந்தபட்ச அளவு என்பேன். இரண்டிலும் தரை காற்றடைத்த மெத்தை என்பதால் எழுந்து நின்று வீசுவது நடவாது.

எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், இந்த மலிவு விலையில் கிடைக்கும் படகுகள் துணி நெசவில்லாத வெறும் பிவிசித் தாளால் ஆனவை. இதற்கு மேல் படியில் இருப்பவை, பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பிவிசி பூசிய, ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணியால் செய்த படகுகள். பலகையோ அலுமினியமோ போட்ட தரையோடு வரும். விலை பல மடங்கு, எடையும் அப்படியே. ஒற்றை ஆளால் தூக்கிக்கொண்டு கரையிறங்க முடியாது. ஆனால் முள்ளுக்கு நின்று பிடிப்பவை அவைதான். மெல்லிய படகில் முள் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பிடித்த கெளுத்தியைத் தரையில் போட்டால், அது உடம்பை ஒரு முறை சுழற்றுவதற்குள் மார்புத் துடுப்பின் முள் மெத்தையில் இறங்கிவிடும். உடனே தெரியாது, சிறிது நேரம் கழித்து உட்கார்ந்த இடம் தொய்யும்போதுதான் தெரியும். ஜிலேபியின் முதுகு முள்ளும் அதே வேலையைச் செய்யும். படகில் ஒரு பிளாஸ்டிக் கூடையோ பழைய ரப்பர் விரிப்போ கட்டாயம் இருக்க வேண்டும், தூண்டில் முட்கள் மூடிய டப்பாவில் இருக்க வேண்டும்.

ஓட்டை விழுந்த பிவிசியை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போவதில் பயனில்லை. அங்கே இருக்கும் ரப்பர் சொல்யூஷன் டியூப் ரப்பருக்கானது. பிவிசியில் ஒட்டியது போல் காட்டி, காற்றடித்ததும் உரிந்து வரும். பிவிசிக்கான பசையும் அதே பொருளின் ஒட்டும் தனியாக வாங்கி, படகோடு வைத்திருக்க வேண்டும். யூரித்தேன் காற்றறைக்கு யூரித்தேன் பசை. ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். தையலிலும் வால்வின் அடியிலும் குமிழி வந்தால் மட்டும் ஒட்டிப் பார்க்காதீர்கள். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். அதனால் வாங்கிய உடனே வீட்டில் காற்றடித்து ஓர் இரவு நிழலில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நிழலில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையில் 27 பாகையில் அடைத்த காற்று, வெயிலில் கிடக்கும் கருநிறப் படகுக்குள் 57 பாகையைத் தொடுவது நம் ஊரில் அரிதன்று. கெல்வின் கணக்கில் அது 300-லிருந்து 330. கொள்ளளவு மாறாவிட்டால் மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். வளிமண்டலத்தையும் சேர்த்த மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால், வெளிக்காற்றை விட 0.05 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) மட்டும் மிகை அழுத்தத்தில் நிற்கும் மெல்லிய படகுக்குக் கணக்குப்படி அது மூன்று மடங்குச் சுமை. பிவிசி விரிந்து கொடுப்பதால் முழுச் சுமையும் ஏறாது. ஆனால் அந்த விரிவில் முதலில் வாய் பிளப்பது ஒட்டுத் தையல்தான். கரையேறியதும் காற்றைச் சற்று இறக்கிவிட வேண்டும். மாறாக, வெயிலில் வைத்து இறுக்கமாக அடித்த படகு தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து தொய்யும். அதைப் பஞ்சர் என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை, பம்பைக் கையோடு கொண்டுபோய்ச் சற்று ஏற்றிக்கொண்டால் போதும்.

அணைகளைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். உடுமலைக்கு அருகிலுள்ள அமராவதி அணையில் நன்னீர் முதலைகள் இருக்கின்றன, ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியிலும் உண்டு. அத்தகைய நீரில் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு உதைத்துக்கொண்டு போவதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். முதலை இல்லாத அணையிலும் நீருக்கடியில் மரக்கட்டைகள் நிற்கும், மீனவர்கள் கட்டிய செவுள் வலைகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஃபின் வலையில் மாட்டினால், கையால் எட்டி விடுவிக்க முடியாத தூரத்தில் கால் இருக்கும். பட்டையில் செருகிய சிறு கத்தி இல்லாமல் வலை இருக்கும் நீரில் இறங்கக் கூடாது. அணைகளில் மீன் பிடிக்க உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஏரிகளில் குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் மிதவையோடு இறங்குவது சண்டையில்தான் முடியும், நியாயமும் அவர்கள் பக்கம்தான். அணையில் மீன் பிடிக்க ஆசையிருந்தால் அனுமதியைக் கேட்டுப் பெற்று, உள்ளூர்ப் பரிசல்காரரோடு போவதே சரி.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இந்த இரண்டையும் வாங்காதீர்கள். ஜாக்கெட்டில் அச்சிட்டிருக்கும், மிதப்பு விசையைக் காட்டும் நியூட்டன் எண்ணைப் பாருங்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்குக் கரையருகே உதவும் மிதப்பு மட்டுமே, மயங்கி விழுந்தவரின் முகத்தை அது மேலே திருப்பாது. 100 எழுதியதை வாங்குவது மேல். ஃபுளோட் டியூபின் முதுகுச் சாய்வோடு தடித்த ஜாக்கெட் மோதி உட்கார இடைஞ்சல் தரும் என்பதால், ஜாக்கெட்டை அணிந்துகொண்டே டியூபில் உட்கார்ந்து பார்த்து இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உறையின் ஜிப்பைத் திறந்து சேற்றையும் பாசியையும் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, கொஞ்சம் காற்று உள்ளே இருக்கும்படி தொங்கவிடலாம். மடித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் டால்கம் பவுடர் தூவி, ஒவ்வொரு முறையும் மடிப்பின் இடத்தை மாற்றி, எலி புகாத இரும்புப் பெட்டியிலோ பரண் அலமாரியிலோ வைக்கலாம். மீன் வாடை போகாத துணியை எலி விட்டுவைப்பதில்லை.