கரிபா அணை: வளைவுக்கு முழு மதிப்பெண், மதகுக்குப் பாதிதான்

ரொடீசியா-நியாசாலாந்து கூட்டாட்சிக் காலத்தில், தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இன்றைய ஜாம்பியா-ஜிம்பாப்வே எல்லையில் ஓடும் ஜாம்பெசி ஆற்றின் குறுக்கே 1955 முதல் 1959 வரை கட்டிய கரிபாவின் உயரம் 128 மீட்டர். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது வளைவுதான். பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கொய்ன் வடிவமைத்த சுவர் கிடையாகவும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. நீரின் தள்ளுவிசையின் பெரும்பங்கு இரு கரைப் பாறைக்குள் இறங்கிவிடும். 280 கி.மீ. நீள ஏரியைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 10 லட்சம் கனமீட்டர் கான்கிரீட்டே போதுமானதாக இருந்தது. அருமையான வேலை.

வேலை நடக்கும்போதே ஆறு தன் பலத்தைக் காட்டிவிட்டது. 1958 வெள்ளத்தில் விநாடிக்குச் சுமார் 16,000 கனமீட்டர், நம் கணக்கில் ஐந்தரை லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. தற்காலிகத் தடுப்பணை மூழ்கியது, பாலம் அடித்துக்கொண்டு போனது.

குறை மதகில் இருக்கிறது. சுவரின் மேற்பகுதியில் ஆறு ஷட்டர்கள். திறந்தால் தண்ணீர் அந்தரத்தில் பாய்ந்து, சுவரின் அடிவாரத்துக்கு அருகிலேயே விழுகிறது. அங்குள்ள நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறை கடினமானதுதான். ஆனால் அதன் வெடிப்புகளுக்குள் நீரழுத்தம் துடித்துத் துடித்துப் புகுந்து, துண்டு துண்டாகக் கிளப்பி எடுத்துவிடும். 1960களிலும் 70களிலும் திறந்துவிட்டதில் சுமார் 80 மீட்டர் ஆழக் குழி விழுந்தது. ஆழத்தைவிட, குழி அணைப் பக்கமாக அரித்து வருவதே ஆபத்து. அதனால்தான் குழியை ஆறு ஓடும் திசையில் அகலப்படுத்தி, நீரின் வேகத்தை அணையைவிட்டு விலக்கும் சீரமைப்பைப் பிற்காலத்தில் தொடங்கினார்கள். போதாததற்கு, சிமெண்டிலுள்ள காரம் ஜல்லியோடு வினைபுரிந்து கான்கிரீட் மெல்ல உப்புகிறது. சுவருக்கு அது பெரிய கேடில்லை. ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளங்கள் கோணுவதுதான் தலைவலி: அவசரத்தில் கதவு சிக்கிக்கொள்ளக் கூடாதே!

மின் உற்பத்தி நம்பகமானது, மழை பொய்க்காதவரை. பாறைக்குள் குடைந்த தென்கரை மின்நிலையம் முதலில் வந்தது. வடகரையில் 1970களில்தான் வந்தது.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. ஆற்றோர வண்டலில் பயிர் செய்துவந்த சுமார் 57,000 டோங்கா மக்களை இடம்பெயர்த்தார்கள். மறுத்த கிராமத்தில் 1958 செப்டம்பரில் போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். மின்சாரம் செப்புச் சுரங்கங்களுக்குப் போனது. ஏரிக்கரையில் குடியேறிய பல டோங்கா ஊர்களுக்குப் பல பத்தாண்டுகள் எட்டவில்லை.